சட்டம் படிக்கலாமா?

சட்டம் படிக்க பிளஸ் டூவுக்குப் பிறகு 5 ஆண்டு. பட்டதாரிகளுக்கு 3 ஆண்டு. அதன்பின் பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அதையும் தாண்டி, மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகத் தொழில் பழகும் ஆண்டுகளில் வருமானம் பெரும்பாலும் குறைவுதான்.

‘பிள்ளை நன்றாக வாதாடுகிறான்’ என்பது மட்டும் போதாது. வழக்கறிஞருக்குப் பேச்சைவிட வாசிப்பே அதிகம். பத்திரம், மனு, பழைய தீர்ப்பு என்று பக்கம் பக்கமாகப் படிக்கப் பொறுமை வேண்டும்.

சேருமுன் ஒன்று செய்யுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். உங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்காருங்கள். வாய்தாக்களையும் காத்திருப்பையும் கண்ட பிறகும், அங்கே நிற்கும் எளியவருக்காகப் பேச மனம் விரும்பினால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்!