வேலைக்கு வந்தவர்கள் எங்கே தங்குவார்கள்?

நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட். கொஞ்ச நாளைக்கு முன்னால் வேலை விஷயமாக நான்கு நாள் சீனாவின் ஷென்சென் நகருக்குப் போய்விட்டு வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலை தொடங்க ஒரு நிறுவனம் முடிவு செய்திருந்தது. அவர்களுக்கு ஷென்செனில் ஏற்கெனவே ஓர் ஆலை ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து வரையுங்கள் என்றார்கள்.

ஹாங்காங்கின் மேற்குக் கவுலூன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் 14 நிமிடத்தில் ஷென்செனின் ஃபுதியான் வந்துவிடுகிறது. 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தபோது அங்கே இருந்தது எல்லையோரத்துச் சின்னப் பட்டணமும், அதைச் சுற்றி வயல்களும், மீனவர் ஊர்களும்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 1 கோடியே 75 லட்சம் பேர். 599 மீட்டர் உயரமுள்ள பிங் ஆன் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலித்தது.

கூட்டங்களில் எல்லாவற்றையும் பேசினோம். தரை எத்தனை டன் தாங்க வேண்டும், கன்டெய்னர் லாரி திரும்ப எவ்வளவு இடம் விட வேண்டும், கிரேன் எந்த உயரத்தில் ஓட வேண்டும், எல்லாம். மூன்றாம் நாள் நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஆலைக்கு வேலைக்கு வரும் இரண்டாயிரம் பேரும் எங்கே தங்குவார்கள்? மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது உங்கள் வரைபடத்தில் வராது என்று பதில் வந்தது.

நான்காம் நாள் கூட்டம் இல்லை. ஷென்செனில் அந்தக் கேள்விக்கு என்ன விடை என்று தேடி நடந்தேன். வயல்கள் அரசுக்குப் போனபோது ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது அவரவர் வீட்டு மனை. அந்தத் துண்டு நிலத்தில் ஆறு மாடி, எட்டு மாடி என்று கட்டி, வேலை தேடி வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கை நீட்டினால் தொட்டுவிடலாம். அதனால் அவற்றுக்குக் கைகுலுக்கும் கட்டடங்கள் என்று பெயர். நான் நுழைந்த சந்தில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒயர்கள், மேல்மாடித் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர். அந்தச் சந்துக்குள்ளேயே காய்கறிக் கடை, முடிதிருத்தும் கடை, பள்ளிக்கூடப் பையோடு ஓடும் பிள்ளைகள். கோபுரங்களைக் கட்டியவர்களும், அவற்றைப் பெருக்குகிறவர்களும் தூங்கியது இந்த மாதிரிச் சந்துகளில்தான்.

இப்படிப்பட்ட ஊர்கள் பலவற்றை இடித்துத் தள்ளினார்கள். ஒன்றரை லட்சம் பேர் குடியிருந்ததாகச் சொல்லப்படும் பைஷிசோவை 2019-லிருந்து காலி செய்யத் தொடங்கினார்கள். ஆனால் ஃபுதியானிலேயே ஷுய்வெய் என்று ஓர் ஊர். அங்கே 29 பழைய கட்டடங்களை இடிக்காமல் சீர்செய்து, இளம் ஊழியர்களுக்கு 504 வாடகை வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். இடைவெளிகளில் லிஃப்ட் வைத்து, கட்டடத்துக்குக் கட்டடம் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் நான் பார்த்ததிலேயே எனக்குப் பெரிய பாடம் அந்த நடைபாலம்தான்.

ஊர் திரும்பிய வாரமே வல்லம் வடகால் போனேன். இந்தப் பக்கம் கார் ஆலைகள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. ஆனால் தொழிலாளி எங்கே தங்குவார் என்ற கேள்வியை நாம் வெகுகாலம் கேட்கவே இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் இங்குள்ள ஓர் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களோடு வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட்டின் பெரிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 13 கட்டடங்கள், 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவு. அறைக்கு ஆறு பேர் வீதம் 18,720 பெண்கள் தங்கலாம். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தங்குமிடமும் தொழிற்பேட்டையின் ஒரு பகுதிதான் என்று அரசே ஒப்புக்கொண்டு கட்டிய கட்டடம் அது.

ஆனால் அந்தப் பெண்களுக்குக் கல்யாணமானால்? குழந்தை பிறந்தால்? குடும்பத்தோடு வந்த ஒரு வெல்டர், பீகாரிலிருந்து நண்பர்களோடு வந்த பையன், இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? பக்கத்துக் கிராமத்து லைன் வீட்டுக்குத்தான்.

அப்படி ஒரு லைன் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரிசையாக எட்டு ரூம், மேலே தகரம். கொடியில் ஒரே நிறத்தில் ஆறேழு கம்பெனிச் சட்டைகள். வாசலோடு ஓடும் சாக்கடைக்கு மூடி இல்லை. எந்த ரூமிலும் பின்பக்கம் ஜன்னல் இல்லை. ஏன் என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "பின்னாடி இன்னொரு வரிசை ரூம் வருமேம்மா, ஜன்னல் வெச்சா அடைக்கணும்" என்றார். யார் பிளான் போட்டது என்றேன். "பிளானா? கொத்தனார் சொன்னாரு, கட்டிட்டோம். கம்பெனி எத்தினி நாளைக்கு இருக்குமோ, அதுக்குமேல யாரு செலவு பண்ணுவாங்க?"

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடியதை இந்த ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். கம்பெனி போனாலும் வீடு நிற்கும், அதில் மனுஷர் குடியிருப்பார் என்று அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் ஆர்க்கிடெக்டுகளான நாங்கள்தான். நாங்களோ ஆலையின் மதில்சுவரோடு நின்றுவிட்டோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், வல்லம் பக்கம் ரூம் கட்டி வாடகைக்கு விட நினைக்கும் நேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரிசையைத் தொடங்குமுன் இரண்டு வரிசைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விடுங்கள். ஒவ்வொரு ரூமுக்கும் எதிரெதிராக இரண்டு ஜன்னல் வையுங்கள், காற்று உள்ளே வந்து வெளியே போகட்டும். தகரத்துக்குக் கீழே ஒரு தடுப்புக் கூரை போடுங்கள், சாக்கடைக்கு மூடி போடுங்கள். என் தொழில் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமங்களுக்குப் போய், கேட்கிறவர்களுக்குக் காசு வாங்காமல் ஒரு பிளான் போட்டுக் கொடுங்கள். நான் தொடங்கிவிட்டேன், அந்த அம்மாவின் இரண்டாவது வரிசைக்குப் பின்பக்கமும் எட்டு ஜன்னல் வரைந்து கொடுத்திருக்கிறேன்.