மலைநாட்டுத் திருவிழாவும் நமது கிராமங்களும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வசூல் என்னும் மூன்று வார்த்தைகளைத் தவிர வேறொன்றும் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வராது என்று தாங்கள் எண்ணுவது இயல்பே. இன்று அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, ஒரு திருவிழாவைக் குறித்துப் பேச விரும்புகிறேன். முடிவில் பேச்சு எப்படியும் சங்கத்தினிடமே வந்து சேரும்.

நீலகிரியில் கோத்தர் என்னும் சிறு சமூகத்தார் ஏழு கிராமங்களில் வசிக்கின்றனர். அக்கிராமங்களைக் கோக்கால் என்பர். இரும்பு வேலை, மரவேலை, மட்பாண்டம், வாத்தியம் ஆகியவை அவர்களுடைய பரம்பரைத் தொழில்கள். மட்பாண்டம் வனைவோர் பெண்களே என்பது கவனிக்கத்தக்கது. மார்கழி, தை மாதங்களையொட்டி அவர்கள் தங்கள் தெய்வங்களாகிய அய்யனோருக்கும் அம்மனோருக்கும் எடுக்கும் விழா பல நாட்கள் நடைபெறும். ஊரார் யாவரும் தம் வேலையை நிறுத்திவிட்டு அதில் ஈடுபடுவர். வெளியூர் சென்றவர்களும் திரும்பி வந்து சேருவர். இரவில் தீ மூட்டி, அதனைச் சுற்றி ஆடவர் வெண்ணிற அங்கி பூண்டு ஆடுவர். பெண்களுக்கும் தனி ஆட்டம் உண்டு.

அவர்களுடைய வாத்தியங்கள் நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த குழல், பறை வகைகள், வளைந்த கொம்பு முதலியன. தெய்வத்திற்குரிய மெட்டு வேறு, ஆட்டத்திற்குரிய மெட்டு வேறு, இழவிற்குரிய மெட்டு வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் வாசிக்கமாட்டார்கள். இவற்றை எழுதிவைத்த ஏடு அவர்களிடம் இருந்ததில்லை. தகப்பன் வாசிக்கக் கேட்டு மகன் கற்றான். விழாவே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். வருஷத்திற்கொருமுறை அது நடவாமற்போனால் பாடமும் நின்றுபோகும்.

இவ்விசை ஒருகாலத்தில் மலை முழுவதற்கும் பொதுவாயிருந்தது. படகர் வீட்டு விசேஷங்களிலும் தோடர் இழவுச் சடங்குகளிலும் கோத்தரே வாசித்தனர். படகர் தானியம் அளந்தனர். தோடர் நெய்யும் எருமையும் கொடுத்தனர். குறும்பர் காட்டுப்பொருள் கொண்டுவந்தனர். கோத்தர் கொழுவும் அரிவாளும் பானையும் வாத்தியமும் அளித்தனர். பணம் அதிகம் புழங்காமலே நான்கு சமூகத்தாரும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்தனர்.

இவ்வேற்பாடு நீடிக்கவில்லை. உருளைக்கிழங்கும் தேயிலையும் மலைக்கு வந்தன. கருவிகளும் பாத்திரங்களும் கடையில் கிடைத்தன. 1930-ஆம் ஆண்டுகளையொட்டி, கோத்தர் வாத்தியம் இனி வேண்டாமென்று படகர் பலர் விலகினர். அவர்களைக் குறைகூற நியாயமில்லை. காலம் மாறியது, அவர்களும் மாறினர். அவர்களுள் தோன்றிய ராவ்பகதூர் ஆரி கவுடர் முதலியோரின் முயற்சியால் 1935-இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டு, கிழங்கு விளைவிப்போர் தரகரின் பிடியினின்றும் மீள வழி பிறந்தது. ஆயினும் விளைபொருளுக்குச் சங்கம் கிடைத்ததுபோல் வாத்தியத்திற்கு ஒரு சங்கம் கிடைக்கவில்லை. அளந்துகொண்டிருந்த தானியம் நின்றது.

இதற்குச் சில வருஷங்கள் முன்பே, 1924-இல், கொல்லிமலை என்னும் கோத்தர் கிராமத்தில் ஜுரம் பரவி, பூசாரிகள் உட்பட அநேகர் மாண்டனர். சடங்கு அறிந்தோர் போயினர். பின்னர் கூலி கொடுப்போரும் போயினர். அப்படியிருந்தும் விழா நின்றுபோகவில்லை. காரணம் யாதெனில், அது பிறருக்குக் காட்டும் வேடிக்கையன்று, பிறர் பணத்தால் நடப்பதுமன்று. ஒவ்வொரு வீடும் தன் பங்கைச் செலுத்துகிறது. கோயிற்பணிக்கு ஒவ்வொருவரும் கை கொடுக்கின்றனர். பார்ப்போர் வேறு, செய்வோர் வேறு என்னும் பிரிவினை அங்கு மிகக் குறைவு.

இனி அம்மலையைக் குறித்தும் ஒரு வார்த்தை. மடிப்புகளில் சோலையும், மேட்டில் புல்வெளியுமாக அமைந்த நிலம் அது. சோலையும் புல்லும் மழைநீரை உறிஞ்சி, கோடையிலும் சிறிது சிறிதாக விடுகின்றன. பவானியும் மோயாறும் அந்நீரைச் சுமந்து வந்து, 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையில் கூடுகின்றன. கீழ்பவானிக் கால்வாயால் விளையும் நெல்லில் அம்மலைப் புல்லுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நடப்பட்ட கற்பூரமரமும் சீகைமரமும் புல்வெளியைப் பெரிதும் மூடிவிட்டன. தோடர் தம் கோயிற்கூரைக்கு வேண்டிய புல்லையே தேடி அலைகின்றனர். பன்னீராண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் மலர்ந்தது. மீண்டும் 2030-இல் மலரவேண்டும். அது பூக்கப் புல்வெளி மிஞ்சியிருத்தல் அவசியம்.

சகோதரர்களே! இதனால் நாம் அறியவேண்டுவது என்ன? திருவிழாவிற்கென்று கடன் கேட்டு வருவோரைச் சங்கம் திருப்பியனுப்புகிறது. அது சரியே; வட்டிக்கு வாங்கிய பணத்தில் வாணவேடிக்கை விட்டுவிட்டு, விதைப்புக் காலத்தில் விதைக்குத் தவிப்பது பக்தியாகாது. ஆனால் “விழாவே வேண்டாம்” என்று சங்கம் ஒருகாலும் சொன்னதில்லை. கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரம் வேறு; பங்கு போட்டுச் செய்யும் விழா வேறு. முன்னது ஊரைப் பிரிக்கும். பின்னது ஊரைச் சேர்க்கும்.

நமது கிராமங்களிலும் பறையடிப்போர், தவிலடிப்போர், கும்மிப்பாட்டு அறிந்த மூதாட்டிகள் இருக்கின்றனர். வெளியூர் ஒலிபெருக்கிக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, உள்ளூர் வாத்தியக்காரருக்குப் பழந்துணியும் மிச்சச் சோறும் கொடுப்பது நியாயமா என்று சிந்திக்க வேண்டுகிறேன். அவர் வாசிப்பது கலை. அவருக்கு வேண்டியது மரியாதையும் கூலியும்.

ஆகையால் மூன்று யோசனைகளைத் தங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, விழாச் செலவை அறுவடைக்காலத்திலேயே வீட்டுக்கு வீடு சிறு தொகையாகச் சேர்த்துச் சங்கத்தில் சேமிப்பாக வைத்து, வரவு செலவை விழா முடிந்தபின் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இரண்டாவது, நிகர லாபத்தில் ஒதுக்கும் பொது நன்மை நிதி இருக்கும் சங்கங்கள், விதிகள் இடங்கொடுக்கும் அளவிற்கு, இளைஞருக்கு வாத்தியம் கற்பிக்கும் உள்ளூர்ப் பெரியவருக்கு ஒரு சிறு சம்மானம் அளிப்பதை ஆலோசிக்கலாம். மூன்றாவது, விழாநாளில் ஊரார் கூடி ஏரிக்கரையிலும் ஊர்ப் பொது நிலத்திலும் மரம் நட்டு, அதைக் காக்கும் பொறுப்பைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கோத்தர் எண்ணிக்கையில் மிகச் சிறியவர். நம்மில் ஒரு பிர்க்காவின் ஜனத்தொகைகூட அவர்களுக்கு இல்லை. கூலியும் ஆதரவும் போனபின்னும் தம் இசையை அவர்கள் காத்து நிற்பது பங்கு செலுத்தும் வழக்கத்தால்தான். அவ்வழக்கத்திற்கு நாம் இட்டிருக்கும் பெயர் கூட்டுறவு. இவ்வாண்டு மகாசபையில் இம்மூன்று யோசனைகளில் ஒன்றையேனும் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகிறேன்.