டிராம்பே உலைகளும் இந்தியாவின் குரலும்



டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைக்கு எரிபொருள் பிரிட்டன் தந்தது. 1960-இல் வந்த சைரஸ் உலை கனடாவினுடையது. அதற்கான கனநீர் அமெரிக்காவினுடையது. உதவி பெற்றதற்காக இந்தியா வாய்மூடி நிற்கவில்லை. 1955-இல் ஜெனீவாவில் ஐ.நா. அணுசக்தி மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் ஹோமி பாபா. மறு ஆண்டு சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகள் விவாதிக்கப்பட்டபோது, உதவி பெறும் நாடுகளை மட்டும் கண்காணிக்கும் ஏற்பாடு உலகை இரண்டாகப் பிளக்கும் என்று இந்தியா வாதிட்டது. 1967-க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகளுக்கு மட்டும் தனிச்சலுகை அளித்த 1968 ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மறுத்தது.

சைரஸில் கிடைத்த புளூட்டோனியம் 1974-இல் பொக்ரானில் வெடித்தது. கனடா ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. சமாதானப் பயன்பாட்டிற்கென வாங்கிய உலை அது. கனடாவின் கோபத்தை முற்றிலும் அநியாயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2005-இல் நிகழ்ந்ததோ வேறு. ஜூலையில் வாஷிங்டனில் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தனர். செப்டம்பரில் வியன்னாவில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. இலங்கை, பாகிஸ்தான், வியட்நாம், தென்னாப்பிரிக்கா ஆகியவைகூட வாக்களிக்காமல் விலகி நின்றன! 2008 ஜூலையில் இடதுசாரிக் கட்சிகள் ஆதரவை விலக்கிக்கொண்டன, உடன்பாடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்த சைரஸ், அந்த உடன்பாட்டிற்காக அளித்த வாக்கின்படி 2010 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது.