திருப்பிச் செய்யும் வேலை



நான் ஸ்காபரோவில் ஒரு சிறிய இரும்புப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர். பல்கனி வேலி, படிக் கைபிடி, கேற், உணவகங்களுக்கு மேசை என்று ஆட்கள் கேட்கிற அளவுக்குச் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். இப்படியான பட்டறைகளில் எங்கட ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், சிலர் சொந்தமாகவும் நடத்துகிறார்கள். அதனால் பிழைகளைக் குறைப்பது பற்றிக் கொஞ்சம் பேசச் சொன்னார்கள்.

பெரிய தொழிற்சாலையில் ஆயிரம் துண்டு அடித்து அதில் பத்துப் பிழைத்தால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. எங்களிடம் ஒரு வீட்டுக்கு ஒரு வேலிதான். அது பிழைத்தால் முழுதும் பிழை. 3,000 டொலர் வேலையில் 400 டொலர் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு நாள் நின்று திருப்பிச் செய்தால் அந்த 400 போய்விடும். இரும்புக்கும் பூச்சுக்கும் கைக்காசு போடவேண்டும். சில பட்டறைகள் வேலை இல்லாமல் மூடவில்லை. வேலை நிறைய இருந்தும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து மூடின.

எங்கள் பட்டறையில் ஒரு கொப்பியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். திருப்பிச் செய்கிற ஒவ்வொரு வேலையையும் அதில் எழுதவேண்டும். என்ன பிழை, எந்த இடத்தில் தெரிந்தது, ஏன் வந்தது. யார் செய்தது என்று மட்டும் எழுதக்கூடாது. பெயர் எழுதத் தொடங்கினால் அந்தக் கொப்பி வெறுமையாகத்தான் இருக்கும். வெல்டிங்தான் எங்கள் பிரச்சினை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். சில மாதம் கழித்துப் பார்த்தால் வெல்டிங் பிழை கொஞ்சம்தான். கூடுதலானது அளவுப் பிழை.

இந்த நாட்டில் அளவு ஒரு தலையிடி. வீட்டுக்காரர் அங்குலத்தில் சொல்வார், வரைபடம் மில்லிமீற்றரில் வரும். ஒன்ராறியோ கட்டடச் சட்டத்தின்படி வீட்டுப் பல்கனி வேலியின் இடைவெளிக்குள்ளால் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை போகக்கூடாது. சின்னப் பிள்ளையின் உடம்போ தலையோ நுழையக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. 100 மில்லிமீற்றரை எங்கட ஆட்கள் “நாலங்குலம்” என்று சொல்வது வழக்கம். நாலங்குலம் 101.6 மில்லிமீற்றர். உருண்டை போய்விடும், பரிசோதகர் வேலியைக் கழற்றச் சொல்வார். கழற்றச் சொன்னால் நட்டம் மட்டும்தான். அவர் கண்ணில் படாமல் விட்டால் அந்த வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கிறது. நாங்கள் 100 மில்லிமீற்றரில் ஒரு மர உருண்டை கடைந்து எடுத்தோம். பூச்சுக்கு அனுப்பமுதல் ஒவ்வொரு இடைவெளியிலும் அதை வைத்துத் தள்ளிப் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.

கம்பிகளுக்கு அடையாளம் போடும்போது ஒன்றிலிருந்து அடுத்ததை அளக்கவேண்டாம். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் கூடினால் முப்பதாவது கம்பியில் 15 மில்லிமீற்றர் விலகி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து அளவுங்கள். அறுக்கிற வாளும் இரும்பைத் தின்னும். 20 அடிக் குழாயில் 2 அடித் துண்டு பத்து வராது. ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் போனால் ஒன்பது வெட்டுக்கு 27, கடைசித் துண்டு ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டையாகிவிடும். இன்னொன்று, அளவு நாடாவின் கொளுக்கி ஆடுகிறது என்று அதை அடித்து இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இறுக்கவேண்டாம். கொளுக்கியின் தடிப்பைச் சரிக்கட்டத்தான் அதை ஆட விட்டிருக்கிறார்கள்.

வெல்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டு ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே இழுவையில் ஒட்டினால் வேலி வில்லாக வளையும். முதலில் எல்லா இடமும் பொட்டுப் பொட்டாகப் பிடித்து, சதுரம் பார்த்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றி ஒட்டவேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் மோசம். சூட்டுக்கு அது சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். சாதாரண இரும்பு தேய்த்த கல்லால் அதைத் தேய்க்கவும் கூடாது. இரும்புத் தூள் ஒட்டி, கறள் பிடிக்காது என்று சொல்லி விற்ற மேசையில் சில கிழமையிலேயே கறள் தெரியும்.

இவை எல்லாம் பழக்கினால் வந்துவிடும். வராதது வேறொன்று. ஒரு தம்பி, வேலைக்கு வந்து ஆறு மாதம். வரைபடத்தில் துளைகளின் இடம் பிழை என்று அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அப்படியே துளைத்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அண்ணை, முதலாளி தந்த படம். நான் என்னெண்டு பிழை சொல்லுறது?” என்றார். நாங்கள் எப்படி வந்த சனம் என்று உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் வாயைத் திறக்காதவன்தான் வீடு வந்து சேர்ந்தான். அந்தப் பழக்கம் பட்டறைக்குள்ளும் வருகிறது. விளங்காவிட்டாலும் தலையை ஆட்டி “யெஸ், யெஸ்” என்று சொல்லிவிடுகிறோம். அதனால் இப்போது வெட்டமுதல், செய்யப்போகிறவர் வரைபடத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறார் என்று தமிழில் எனக்குச் சொல்லவேண்டும். “விளங்கிச்சுதோ?” என்று நான் கேட்பதில்லை. அதற்கு ஆம் என்ற ஒரே பதில்தான் வரும்.

யப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியியலாளர் 1961இல் ஒரு தொழிற்சாலையில் செய்ததை நான் அடிக்கடி சொல்வேன். அங்கே ஒரு சின்ன ஆளிக்குள் இரண்டு வில்சுருள் வைக்கவேண்டும், சிலவேளை ஒன்றை மறந்துவிடுவார்கள். ஏசிப் பயனில்லை. முதலே இரண்டு சுருளை எடுத்து ஒரு தட்டில் வையுங்கள் என்றார். வேலை முடியத் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்தது தெரிந்துவிடும். இந்த முறைக்கு முதலில் வைத்த பெயரின் பொருள் ‘முட்டாளுக்குக் காப்பு’. வேறொரு இடத்தில் ஒரு தொழிலாளப் பெண், நான் அப்படியொரு முட்டாளா என்று அழுதாராம். ஷிங்கோ அந்தப் பெயரையே மாற்றி ‘போக்கா யோக்கே’ என்று வைத்தார். கவனப் பிசகுக்குக் காப்பு என்று பொருள். நாங்களும் வீடுகளுக்குப் பூட்டப் போகும்போது அந்த வேலைக்குத் தேவையான போல்ற்றுகளை மட்டும் எண்ணிப் பையில் போட்டு அனுப்புகிறோம். பையில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒரு துளை வெறுமையாக இருக்கிறது.

நேரம் முடிகிறது. சொந்தமாகப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. நாகமுலாம் பூச அனுப்பும் வேலியில் இரண்டு பக்கமும் அடைத்த குழாய் இருந்தால், காற்றுப் போகத் துளை இட்டிருக்கிறதா என்று வானில் ஏற்றமுதல் ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். உருகிய நாகம் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் அந்தச் சூட்டில் குழாயை வெடிக்க வைக்கும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் எங்களுக்கு முகம் தெரியாதவர்.