பலவீனம் என்னும் சொல்லும் பாவம் என்னும் சொல்லும்



இனவெறிக்கும் அநீதிக்கும் கிறிஸ்தவன் கூறத்தக்க மறுமொழி யாது என்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பத்தாண்டுகளாகச் சொல்லின் பெருமையை ஆராய்ந்துவரும் இந்த அவைக்கு இப்பொருள் ஏற்குமா என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்க்கையில், இதுவும் ஒரு சொல்லின் வரலாறே என்று தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் ஒரு சொல் விளைத்த தீங்கையும், அதனை மாற்ற அங்குள்ளோர் பட்ட பாட்டையும் சொல்ல விழைகிறேன்.

1829ஆம் ஆண்டில் அத்திருச்சபையின் கேப் பகுதிப் பேரவைமுன் ஒரு வினா எழுந்தது. வெள்ளையரும் பிறரும் ஒரே பந்தியில் திருவிருந்து கொள்ளலாமா என்பதே அது. நிற வேற்றுமையின்றி அனைவர்க்கும் ஒருங்கே வழங்குவதே வேதத்தின் மாறாத நெறி எனப் பேரவை விடை கூறியது. ஆனால் 28 ஆண்டுகள் கழித்து, 1857இல், அதே பேரவை சற்றே இறங்கி வந்தது. சேர்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்கு ஒத்தது. எனினும் சிலருடைய பலவீனத்தால் அது இடையூறாகுமிடத்தில் தனியே வழிபடச் செய்யலாம் என்று தீர்மானித்தது.

பலவீனம்! எவ்வளவு மென்மையான சொல்! பலவீனரின் மனச்சான்றைப் புண்படுத்தலாகாது என்று புனித பவுல் எழுதியது உண்மையே. ஆனால் நிலமும் துப்பாக்கியும் ஆட்சியும் கையில் உடையவர்களைப் பலவீனர் என்றும், அவர்களால் விலக்கப்பட்டவர்களைப் பொறுத்துப்போக வேண்டிய பலவான்கள் என்றும் கொள்வது பவுலின் கருத்தாகுமோ? இந்த ஒரு சொல்லின் நிழலில் சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் கொள்கையாயிற்று. 1881இல் கலப்பினத்தவர்க்கெனத் தனித் திருச்சபையே அமைந்தது. 1948இல் நிறஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஆட்சியேறியபோது, பிரதமராக அமர்ந்த டி. எஃப். மலான் முன்பு அத்திருச்சபையின் போதகராக இருந்தவர். கலப்பு மணத்தை விலக்கும் சட்டம் 1949இலும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் 1950இலும் வந்தன. 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவரின் வழித்தோன்றல்களும் இச்சட்டத்தால் வீடிழந்தனர்.

இவையனைத்தும் திருச்சபையால் மட்டுமே விளைந்தன என்று கூறேன். நிலத்தின்மீதும் மலிந்த சுரங்கக் கூலியின்மீதும் கொண்ட ஆசையே பெருங்காரணம். ஆனால் அந்த ஆசைக்காரர்களின் உள்ளத்தில் உறுத்தல் எழாதபடி தாலாட்டியது திருச்சபை.

உறக்கம் கலைந்தோரும் இருந்தனர். பெயர்ஸ் நௌடே அவர்களுள் ஒருவர். ஆப்பிரிக்கானரின் இரகசியச் சங்கமான புரூடர்பாண்டை நிறுவியவர்களுள் ஒருவர் அவருடைய தந்தை. தாமும் அதன் உறுப்பினர். திருச்சபையில் உயர்பதவி வகித்த போதகர். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். அதன்பின் அவரால் வாளாவிருக்க இயலவில்லை. 1963இல், பல இனத்தவரும் கூடிய கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றை நடத்தும்பொருட்டுப் பிரசங்க பீடத்தைத் துறந்தார். மனிதருக்குக் கீழ்ப்படிவதிலும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடன் என்னும் அப்போஸ்தலர் வாக்கே அவருடைய பிரிவுரையின் கருவாயிற்று. உற்றார் ஒதுக்கினர். 1977 முதல் 1984 வரை அரசு அவர்மீது தடையாணை விதித்தது. அவருடைய சொற்களை எவரும் மேற்கோள் காட்டுவதும் குற்றமாயிற்று. சொல்லுக்கு அஞ்சிய அரசு அது!

1982இல் சொல் மாறியது. அன்று பிரித்து வைக்கப்பட்ட கலப்பினத்தவரின் திருச்சபையே, நிறஒதுக்கலைப் பாவம் என்றும், அதற்கு வேதத்தில் நியாயம் தேடுவது திருநெறிக்கு மாறான கொள்கை என்றும் அறிவித்தது. அப்போது வரைந்த பெல்ஹார் விசுவாச அறிக்கையை 1986இல் முறைப்படி ஏற்றது. பலவீனம் என்ற சொல்லின் இடத்தில் பாவம் என்ற சொல்லை வைப்பதற்கு 125 ஆண்டுகள் பிடித்தன. அதனை வைத்தவர்களும் விலக்கப்பட்டவர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் திருச்சபைகள் கூடின. வெள்ளையரின் திருச்சபையைச் சேர்ந்த இறையியல் பேராசிரியர் வில்லி ஜோங்கர் எழுந்து, தம் குற்றத்தையும் தம் திருச்சபையின் குற்றத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு எழுந்து, அதனை ஏற்று மன்னிப்பளித்தார். கண்ணீர் மல்கச் செய்யும் காட்சி. ஆயினும் அதனோடு கதை முடியவில்லை. பறித்ததைத் திருப்பித் தராத மன்னிப்பு முழுமையாகுமா என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் நிற்கிறது. பிரிக்கப்பட்டிருந்த இரு திருச்சபைகள் 1994இல் ஒன்றாயின. வெள்ளையரின் திருச்சபையோ இன்றளவும் அவற்றோடு ஒன்றாகவில்லை.

அன்பர்களே, தொலைதேசத்துக் குற்றத்தைக் கடிந்துவிட்டு வீடு திரும்புவது எளிது. கேப் பேரவை தடுமாறிய அதே நூற்றாண்டில், தமிழகத்துத் திருச்சபைகளிலும் அதே பந்தியில் அதே சிக்கல் எழுந்தது. ஆலயத்தில் எவர் எங்கே அமர்வது, திருவிருந்தில் எவர் முன்னே செல்வது என்பவற்றைச் சாதியே முடிவு செய்தது. அங்கே பலவீனம் என்றார்கள். இங்கே நாட்டு வழக்கம் என்றார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் இவ்வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. தீந்தமிழ்ப் புலவரான வேதநாயக சாஸ்திரியாரின் எழுதுகோலும் வழக்கத்தின் பக்கமே நின்றது. புலமை ஒருவரை அநீதியினின்று தானே காத்துவிடாது என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இன்றும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிச்சுவர் நிற்கிறது, இறந்தோரையும் பிரிக்கிறது.

ஆகவே என் மறுமொழி இதுவே: கிறிஸ்தவன் இனவெறியைப் பற்றி உலகிற்கு உரைக்குமுன் தன் பந்தியைப் பார்க்கட்டும். அங்கே பிரிவு உண்டாயின், அதற்கு வழக்கம் என்றோ பலவீனம் என்றோ மென்பெயர் சூட்டாது, பாவம் என்றே அழைக்கட்டும். அழைத்தபின் சுவரை இடிக்கட்டும். பெயரிடும் பணி எழுத்தாளராகிய உங்களுக்கும் உரியது. தீமைக்கு நல்ல பெயர் தேடித் தருவோராக நம்முள் எவரும் ஆகிவிடாதிருப்போமாக.