தலையெழுத்து அல்ல, காயம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசிய உரை)



சேமிப்பு, கடன் கணக்கு பேசி முடித்தோம். இன்னைக்கு பிரசவத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஊருக்கு ஊர் போகும்போது நாங்கள் கேட்கிற வார்த்தை, "எல்லாம் என் தலையெழுத்துங்க". பிரசவமாகி மாசக்கணக்கில் சிறுநீர் தன்னாலே ஒழுகும். மலம் அடங்காது. நாத்தம் வருமேன்னு குழுக் கூட்டத்துக்கே வராமல் இருப்பாங்க. இது தலையெழுத்து அல்ல, காயம். குழந்தையின் தலை வெகுநேரம் சிக்கி நின்றால் சிறுநீர்ப்பை நசுங்கி ஓட்டை விழும். கிழிசல் ஆசனவாய் வரை போய், சரியாகத் தைக்காமல் விட்டால் மலம் அடங்காது. இரண்டுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.

எல்லாக் காயமும் டாக்டர் தவறு அல்ல. நல்லா பார்த்தாலும் சிக்கல் வரலாம். ஆனால் வலிக்கு மருந்து ஏற்றிவிட்டு குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்காமல் விடுவதும், துணி துணியாக ரத்தம் நனைந்தும் "அப்படித்தான் இருக்கும்" என்று போவதும், ஆபத்தான தாயை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாததும் கவனக்குறைவு.

இதுக்கு சாட்சி யார்? காகிதம்தான். பதிவேட்டில் எழுதாமல் நாம் கடன் கொடுப்போமா? அதுபோல டிஸ்சார்ஜ் சீட்டு வாங்காமல் வராதீங்க. ஸ்கேன், ரசீது, தாய் சேய் அட்டை எல்லாம் ஒரே பையில் வையுங்க. கேஸ் ஷீட் நகல் வேணும்னு எழுதிக் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். 3 வருஷம் வரைதான் அதைப் பாதுகாக்கச் சொல்கிறது விதி. தாமதிக்க வேண்டாம்.

காசு கட்டிப் பார்த்த தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குக் காசில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

தவணை தவறினால் பத்துப் பேர் சேர்ந்து வாசலில் போய் நிற்கிறோம். பிரசவத்தில் காயம்பட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவர் வாசலுக்கும் அதே பத்துப் பேர் போவோம். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதுங்கள்.