குழறும் நாவும் கலங்காத அறிவும்



கண்டியில் வாழும் நாம் வீட்டிலே தமிழ் பேசுகிறோம். சந்தையிலே சிங்களம் பேசுகிறோம். அலுவலகத்திலே ஆங்கிலமும் பேசுகிறோம். சொற்கள் தடையின்றி வருவதால் பேச்சு நாவின் தொழில் என்றே எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது மூளையின் தொழில். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் போல் புரோக்கா, "டான்" என்னும் ஒலியையன்றி வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையைச் சோதித்தார். இடப்பக்கத்தின் முற்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆள்வது அந்த இடப்பாகமே.

அங்கு இரத்தக் குழாய்கள் பிழையாக அமைந்தால் என்ன நேரும்? இரத்தத்தைக் கொண்டுவருவன நாடிகள். திரும்பக் கொண்டுசெல்வன நாளங்கள். இடையிலுள்ள மயிரிலும் மெல்லிய குழாய்கள் இரத்தத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. சிலருக்கு ஓரிடத்தில் அவை அமையாமல், நாடியும் நாளமும் நேரே பின்னிச் சிக்காகிக் கிடக்கும். மலையருவியை நேரே வயலுக்குள் விட்டால் வரம்பு தாங்குமா? அதுபோல நாளம் ஒருநாள் வெடிக்கலாம். வெடிக்குமுன்பே வலிப்போ, சற்று நேரம் பேச்சுத் தடைப்படுவதோ தோன்றுவதும் உண்டு. ஒரு குறியுமின்றி வாழ்நாளைக் கழிப்பவரும் உளர்.

அமெரிக்க செனற் சபை உறுப்பினர் திம் ஜோன்சன் 2006 டிசம்பர் 13ஆந் திகதி நிருபர்களுடன் தொலைபேசியில் உரையாடுகையில் திடீரெனச் சொல் தடுமாறினார். இத்தகைய சிக்கிலிருந்தே இரத்தம் கசிந்திருந்தது. உடனே சத்திரசிகிச்சை நடந்தது. 2007 செப்டெம்பரில் சபைக்கு மீண்டபோது அவர் பேச்சு மெதுவாகவும் தடித்தும் இருந்தது. அறிவோ தெளிவாக இருந்தது. 2008இல் மக்கள் அவரை மறுபடியும் தெரிந்தெடுத்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். தோட்டத்து லயத்திலோ நகரத் தெருவிலோ மாலையில் ஒருவர் வாய் குழறினால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "குடித்திருக்கிறார்" என்கிறோம், அல்லது "ஏதோ பிடித்துக்கொண்டது" என்று நூல் கட்ட ஓடுகிறோம். அந்த ஒரு சொல்லில் ஓர் உயிருக்குரிய நேரம் கழிந்துவிடுகிறது.

பேச்சுத் திடீரென மாறினால், கடுந் தலையிடி எழுந்தால், முகமோ கையோ சோர்ந்தால், உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்பியுலன்ஸைப் பெறுங்கள். கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள். விழுங்கும் திறன் குன்றியிருக்கலாம். ஆகவே சோறோ தண்ணீரோ கொடாதீர்கள். வீட்டிலுள்ள அஸ்பிரினும் வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவா, அடைப்பா என்பதைப் படம் பிடித்துப் பார்த்தே வைத்தியர் அறிவார்.

உயிர் தப்பியபின் பொறுமை வேண்டும். பல மொழி தெரிந்தவருக்கு எல்லா மொழிகளும் ஒருங்கே திரும்புவதில்லை. சிலருக்குத் தாய்மொழி முந்தும். சிலருக்கு நாள்தோறும் புழங்கிய மொழி முந்தும். கடைத் தெருவில் காலங் கழித்த தந்தை தமிழை விட்டுச் சிங்களத்தில் தண்ணீர் கேட்டால் நகையாதீர்கள், வருந்தாதீர்கள். வந்த மொழியிலேயே மறுமொழி கூறுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நாம் முந்திக்கொண்டு முடித்துவைக்கலாகாது. பேச்சுப் பயிற்சியாளர் காட்டியபடி வீட்டிலும் நாள்தோறும் பழக்க வேண்டும்.

அன்பர்களே, நா குழறுவதால் அறிவு குழறியதாகாது. சொல் இழந்தவருக்கு நாம் முதலில் கொடுக்கவேண்டியது நமது செவி. அதைக் கொடுக்க நம் வாலிபர் பழகுவாராயின் இன்று நாம் பேசியது வீணாகாது.